அன்றைக்கும் இப்படித்தானே சொன்னீர்கள்?

(பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசி பற்றி நம் மக்களுக்கு இருந்த அறிவும் மனப்போக்கும் குறித்து நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "தோட்டத்து மக்களுக்கு விழிப்புணர்வு போதாது. அதனால்தான் கோவிட் காலத்தில் ஊசிக்குப் பயந்தார்கள்" என்று சொன்னார். கைதட்டலும் பலமாகக் கிடைத்தது. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து டிரெசராக இருந்தவன். விடியற்காலை பெரட்டு முடிந்ததும் என் வாசலில்தான் காய்ச்சல்காரர்கள் வந்து நிற்பார்கள். அந்த உரிமையில் நண்பரோடு சற்று மாறுபடுகிறேன். நான் அறிந்த சிலர் ஒன்றும் தெரியாமல் பயப்படவில்லை. ஒன்றைக் கண்ணால் பார்த்ததால் பயந்தார்கள். அது என்ன என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2021 ஏப்ரல் மாதக் கடைசி. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கோவிட் தடுப்பூசி போடும் இரண்டாம் கட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. போர்ட்டிக்சன் மாவட்டத்தில், புக்கிட் பெலாண்டோக் பக்கம், நான் முன்பு வேலை பார்த்த தோட்டம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. "பதிவு செய்யச் சொன்னால் யாரும் அசைய மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்" என்றார்கள். போனேன். கோயில் வாசலில் இடைவெளி விட்டு, முகக்கவசத்தோடு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள், பயப்பட ஒன்றுமில்லை" என்று ஆரம்பித்தேன்.

பின் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "டிரெசரய்யா, அன்னைக்கும் இப்படித்தானே சொன்னீங்க? அவரும் போட்டுக்கிட்டாரே!" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை. அந்த அம்மாவின் கணவர் 1999 மார்ச் மாதம் இறந்தவர்.

தழும்பு உள்ள சமுதாயம்

அந்தக் கதைக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மக்கள் இயல்பிலேயே ஊசிக்கு எதிரிகள் என்று நினைப்பது தவறு.

என் பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் சஞ்சிக்கூலிக்கும் சரி, கங்காணியோடு வந்தவருக்கும் சரி, பெரியம்மைதான் பெரிய பயம். ஒரு கப்பலில் ஒருவருக்கு அம்மை கண்டால் அத்தனை பேரும் பினாங்குக்குப் பக்கத்தில் உள்ள ஜெரெஜாக் தீவு போன்ற தனிமை முகாம்களில் அடைபட வேண்டும். ஆகவே ஆட்களுக்கு அம்மை குத்தித்தான் அனுப்புவார்கள். பாட்டியின் மேல்கையில் அந்த வட்டத் தழும்பு கடைசிவரை இருந்தது. அதே பாட்டிதான் யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார். இரண்டும் எப்படிப் பாட்டி என்று கேட்டால், "ஆத்தாளையும் கும்பிட்டேன், ஊசிக்கும் கையை நீட்டினேன். ஆத்தா வேண்டாம்னு சொல்லலையே" என்பார்.

மாட்டம்மையிலிருந்து எடுத்த பாலைக் குத்தினால் மனிதனுக்குப் பெரியம்மை வராது என்று இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் காட்டியது 1796இல். அந்தப் பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். இடையில் கையை நீட்டிய கோடிக்கணக்கான ஏழை எளியவர்களில் நம் பாட்டன் பாட்டிகளும் உண்டு.

நம் நாட்டில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி 1961இல் தேசியத் திட்டமாக வந்தது. இந்த அரங்கத்தில் இருப்பவர்கள் மேல்கையைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலோருக்குத் தழும்பு இருக்கும். 1972இல் போலியோ சொட்டு மருந்து வந்தது. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து நானே வாயில் விட்டிருக்கிறேன். பால்வெட்டை அவசரமாக முடித்துவிட்டு, வியர்வையைக்கூடத் துடைக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாய்மார்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஒருநாளும் ஊசி வேண்டாம் என்று சொன்னதில்லை. அப்படிப்பட்ட மக்கள் 2021இல் ஏன் தயங்கினார்கள்?

புக்கிட் பெலாண்டோக்கில் நடந்தது

இளைய தலைமுறைக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

1998 செப்டம்பர் மாதக் கடைசியில், பேராக் மாநிலத்தில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், நினைவு தப்புதல், பலருக்குச் சாவு. மூளைக் காய்ச்சல் என்பது தெரிந்தது. எந்த மூளைக் காய்ச்சல் என்பதுதான் கேள்வி. சிலருடைய இரத்தத்தில் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கான அடையாளம் தென்பட்டது. அந்த நோய் நம் நாட்டில் ஏற்கெனவே உள்ளது. அதன் கிருமி பன்றி உடம்பில் பெருகும், கொசு அதை மனிதனுக்குக் கொண்டு சேர்க்கும். இங்கேயும் பன்றி இருக்கிறது, கொசு இருக்கிறது, மூளைக் காய்ச்சல் இருக்கிறது. அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார்கள். அன்று கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது முட்டாள்தனமான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். கொசுப் புகை அடித்தார்கள். பண்ணைக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தவருக்கும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள்.

ஆனால் நோய் நிற்கவில்லை. பேராக் பண்ணைகளின் பன்றிகள் விலைபோன இடத்துக்கெல்லாம் நோயும் போனது. சிரம்பானுக்குப் பக்கத்தில் சிக்காமாட், பிறகு புக்கிட் பெலாண்டோக். எல்லாவற்றையும்விட அதிகமாக அடிபட்டது புக்கிட் பெலாண்டோக்தான். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனப் பண்ணைக்காரர்கள். அந்தப் பண்ணைகளில் கூலிக்குப் போன நம்மவர்களும் இருந்தார்கள்.

கவனித்துப் பார்த்தவர்களுக்குச் சில விஷயங்கள் உறுத்தின. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பொதுவாகக் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ வளர்ந்த ஆண்கள். ஒரே வீட்டில் ஒரே கொசு எல்லோரையும் கடிக்கிறது, ஆனால் பன்றியைத் தொட்டு வேலை செய்தவருக்குத்தான் நோய் வருகிறது. பன்றிகளுக்கே கடுமையான இருமல், ஒரு மைல் தூரம் கேட்கும் என்று சொல்லும் அளவுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள்.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் என்ற மருத்துவர், நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து வளர்த்த கிருமியைப் பார்த்தார். அது ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கிருமி இல்லை. அதைத் தானே அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். உலகம் அதுவரை அறியாத புதிய கிருமி என்று தெரிந்தது. ஒரு நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. நிப்பா என்று இன்று உலகமெங்கும் மருத்துவ நூல்களில் படிக்கிறார்களே, அது நம் நெகிரி செம்பிலான் கிராமத்தின் பெயர். அந்தக் கிருமி பழந்தின்னி வௌவாலில் குடியிருப்பது என்பதும், பண்ணைகளில் இருந்த பழ மரங்கள் வழியாகப் பன்றிக்கு வந்திருக்கக்கூடும் என்பதும் பிறகுதான் தெரிந்தன.

பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளை அழித்தார்கள், இராணுவமே இறங்கியது. ஊர்கள் காலியாயின. அன்று வெளியான கணக்குப்படி 265 பேருக்கு நோய், அவர்களில் 105 பேர் மரணம். புக்கிட் பெலாண்டோக்கில் பன்றி வளர்ப்புத் தொழில் அத்தோடு முடிந்தது.

நான் சொன்ன வார்த்தை

இப்போது அந்த அம்மாவின் கணவருக்கு வருகிறேன். அவர் நம் தோட்டத்து வேலைக்காரர். வேலை முடிந்த பிறகு, பிள்ளைகள் படிப்புக்காக, பக்கத்துப் பன்றிப் பண்ணையில் கொட்டகை கழுவப் போவார். பேராக் செய்தி வந்ததும் பயந்துபோய் என்னிடம் வந்தார். "ஐயா, அந்த வேலைய விட்டுடலாமான்னு பாக்கிறேன்" என்றார்.

நேயர்களே, அன்றைக்கு நான் சொன்ன பதிலை இதுவரை மேடையில் சொன்னதில்லை. "ஊசி போடுகிறார்கள், போய்ப் போட்டுக்கொள். அப்புறம் உனக்கு ஒன்றும் வராது. தைரியமாக வேலைக்குப் போ" என்றேன். பட்டியலில் அவர் பெயரை எழுதியதும் நான்தான். அவர் ஊசி போட்டுக்கொண்டார். வேலைக்கும் போனார். மார்ச் மாதம் சிரம்பான் மருத்துவமனையில் நினைவு திரும்பாமலே இறந்தார்.

வேறு நோய் என்று செய்தித்தாளில் வந்ததும் எனக்கு விஷயம் புரிந்தது. ஆனால் அந்த வீட்டுக்குப் போய் விளக்க எனக்கு மனம் வரவில்லை. துக்க வீட்டில் இதைப் பேசுவதா என்று ஒரு சாக்கு. கருமாதி முடியட்டும் என்று இன்னொரு சாக்கு. பிறகு மாற்றலாகி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

தடுப்பூசி என்ன செய்யும், என்ன செய்யாது

தடுப்பூசி என்பது என்ன? தோட்டத்து ஸ்டோரில் ஜாகா நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திருடனின் படத்தை முன்கூட்டியே அவரிடம் காட்டிவிட்டால், திருடன் வரும்போது உடனே அடையாளம் கண்டு பிடித்துவிடுவார். தடுப்பூசி அந்தப் படம். உடம்பில் உள்ள எதிர்ப்புச் சக்திதான் ஜாகா. ஆனால் நாம் காட்டிய படம் ஒருவனுடையது, வந்தவன் வேறொருவன் என்றால் ஜாகா என்ன செய்வார்? 1999இல் நடந்தது அதுதான். படமும் நல்ல படம், ஜாகாவும் நல்ல ஜாகா. வந்தவன் வேறு ஆள். நிப்பாவுக்கு மனிதர்களுக்கென்று அனுமதி பெற்ற தடுப்பூசி இன்றுவரை கிடையாது.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் யாரும் போய்ச் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் மக்கள் தாங்களே ஒரு விளக்கத்தைச் செய்துகொண்டார்கள். "ஊசி போட்டான், செத்தான்." அந்த மூன்று வார்த்தைக்கு இருபத்திரண்டு வயது ஆனபோதுதான் கோவிட் ஊசி வந்தது.

2021இல் வந்து சேர்ந்த பயங்கள்

2021 பிப்ரவரி 24ஆம் நாள் நம் நாட்டில் முதல் ஊசி போடப்பட்டது. அதற்குப் பொறுப்பான ஒருங்கிணைப்பு அமைச்சர் கைரி ஜமாலுடின், அப்போது நம் மாநிலத்து ரெம்பாவ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். பெரும்பாலான பதிவு மைசெஜாத்ரா செயலியில். மகனோ மகளோ ஷா ஆலமிலும் ஜோகூரிலும் வேலை செய்ய, பழைய பட்டன் கைப்பேசியோடு லயத்தில் இருக்கும் தாய் தகப்பனுக்கு அது எட்டாத உயரம். எட்டாததைப் பயமென்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

அந்த ஏப்ரலில்தான் நடிகர் விவேக் மறைந்தார். சென்னையில் அரசு மருத்துவமனைக்குப் போய் எல்லோர் கண் முன்னாலும் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மற்றவர்களையும் போடச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மரணம். இதயத்தின் முக்கிய இரத்தக் குழாய் முழுமையாக அடைபட்டிருந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று இந்திய அரசின் ஆய்வுக் குழு முடிவு சொன்னது அக்டோபரில். வதந்தி அன்று மாலையே புலனத்தில் லயத்துக்கு வந்துவிட்டது. விளக்கம் வர ஆறு மாதம். விவேக்கை நம் வீட்டுப் பிள்ளையாக நினைத்துச் சிரித்தவர்கள் நாம். அந்தச் செய்தி நமக்கு வெளியூர்ச் செய்தி அல்ல.

பிறகு அஸ்ட்ராஸெனெகா. இரத்தம் உறைகிறது என்ற செய்தியால் பலர் ஒதுங்கினார்கள். அது மிக அரிதாக நேர்வது என்பதும் உண்மை, நேர்கிறது என்பதும் உண்மை. அரசு அதைத் தனியே எடுத்து, விரும்பியவர் பதியலாம் என்று மே 2ஆம் தேதி சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் திறந்தபோது, 268,600 இடங்களும் சில மணி நேரத்திலேயே நிரம்பின. ஒரே ஊசி, ஒரே நாடு. கணினியும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் ஆபத்தையும் பலனையும் எடைபோட்டு ஓடிப்போய்ப் பதிந்தார்கள். எங்கள் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு எடைபோடத் தராசே கொடுக்கப்படவில்லை.

ஜூலையில் காலி ஊசியைக் குத்துகிறார்கள் என்ற புகார் நாடெங்கும் பரவியது. போடுமுன் மருந்து இருப்பதையும் போட்ட பின் தீர்ந்ததையும் காட்ட வேண்டும் என்று உடனே விதி வந்தது. பாருங்கள், "சந்தேகப்படாதே" என்று அதட்டியிருந்தால் சந்தேகம் வளர்ந்திருக்கும். ஊசிக் குழாயைத் தூக்கிக் காட்டியதும் பலர் மனம் அடங்கியது.

இன்னொரு பயமும் உண்டு. நம்மில் அடையாள அட்டை இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செம்பனையில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களிலும் பத்திரம் இல்லாதவர்கள் உண்டு. எல்லோருக்கும் இலவச ஊசி என்று பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதே ஆண்டிலேயே பத்திரம் இல்லாதவர்களைப் பிடிக்கும் சோதனைகளும் நடந்தன. அப்படிப்பட்டவன் ஊசிக்கு வரிசையில் நிற்பானா? அவனுடைய பயம் ஊசியைப் பற்றியதே அல்ல.

தாமதமாகச் சொன்ன பதில்

கோயில் வாசலில் பதில் சொல்ல முடியாமல் திரும்பியவன், ஒரு வாரம் கழித்து அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னேன்:

"தங்கச்சி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அந்த ஊசி கெட்ட ஊசி இல்ல. ஆனா அது வேற நோய்க்கான ஊசி. அது எனக்கும் தெரியாது, எனக்குச் சொன்னவங்களுக்கும் அப்போ தெரியாது. தெரியாதுன்னு சொல்லாம, தெரிஞ்ச மாதிரி அடிச்சுச் சொன்னேன். வேலைய விடட்டுமான்னு கேட்டவர நான்தான் போகச் சொன்னேன்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை வருசமா அந்த ஊசிதான் அவரக் கொன்னுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், ஐயா. நான்தானே கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன். யாராச்சும் ஒருத்தர் வந்து சொல்லியிருக்கலாமே" என்றார்.

அன்பர்களே, அந்தப் பெண்மணி இருபத்திரண்டு ஆண்டுகள் தன் கணவனைத் தானே சாவுக்கு அழைத்துப்போனதாக எண்ணி வாழ்ந்திருக்கிறார். அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? அறியாமை என்றா?

பிறகு அவர் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. "இப்பவும் வேற நோயா இருந்துச்சுன்னா?" எந்த மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரும் தலைவணங்க வேண்டிய கேள்வி. நான் சொன்னேன்: "இந்தத் தடவை திருடனை முதல்ல பாத்துட்டாங்க. 2020 ஜனவரியிலேயே அந்தக் கிருமியோட மரபணு முழுசும் உலகத்துக்கு வெளியாயிடுச்சு. அதப் பாத்துத்தான் ஊசி செஞ்சாங்க. ஃபைசர் ஊசிய நாப்பதாயிரம் பேருக்கு மேல சோதிச்சுப் பாத்தாங்க, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி கொடுத்து. கை வலிக்கும், காய்ச்சல் வரும். ரொம்ப அபூர்வமா ஒவ்வாமை வரலாம், அதனாலதான் கொஞ்ச நேரம் உக்கார வச்சு அனுப்புறாங்க. ஊசி போட்டாலும் கோவிட் வரலாம். ஆனா ஆக்சிஜன் வைக்கிற அளவுக்குப் போறதும் சாகிறதும் ரொம்பக் குறையும். இதுக்கு மேல எனக்குத் தெரியாது, தங்கச்சி."

கடைசியில் சொன்னேனே, "தெரியாது" என்று, அதற்குத்தான் அவர் தலையசைத்தார். பேத்தியின் கைப்பேசியில் பதிவு செய்தார். ஜூன் மாதம் போட்டுக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. லயத்துப் பெண்கள் பதினோரு பேரை வேன் பிடித்துக் கூட்டிப்போனவர் அவர்தான். என் பேச்சுக்கு அசையாதவர்கள் அவர் பேச்சுக்குக் கிளம்பினார்கள். கணவனை ஊசிக்குப் பறிகொடுத்ததாக நம்பியிருந்த பெண்ணே போட்டுக்கொண்டார் என்றால், அதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அதே லயத்தில் இறந்தவரின் தம்பி இருந்தார். நான் மூன்று முறை போனேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து, "அண்ணனுக்குச் சொன்னது போதும்" என்று குரல் மட்டும் வந்தது. அந்த ஆகஸ்டில்தான் நாட்டில் ஒரே நாளில் 24,000 பேருக்கு மேல் தொற்று கண்டது. அவரும் அந்த மாதம்தான் போய்ச் சேர்ந்தார். நாலைந்து பேர் மட்டும் பாதுகாப்பு உடையோடு நின்று காரியம் முடித்தார்கள். அக்டோபர் 11ஆம் தேதி, பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஊசி போட்டுவிட்டார்கள் என்று மாநில எல்லைகளைத் திறந்தபோது நாடே மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த மீதிப் பத்தில் ஒருவர் ஏன் மீதியானார் என்பது எனக்குத் தெரியும்.

மீண்டும் அதே தவறா?

நாம் பாடம் படித்தோமா? 2021இல் மேடைக்கு மேடை என்ன சொன்னார்கள்? "இரண்டு ஊசி போட்டால் போதும், பழைய வாழ்க்கை திரும்பிவிடும்." பிறகு டெல்டா வந்தது, ஓமிக்ரான் வந்தது, போட்டவர்களுக்கும் தொற்று வந்தது. ஊசி சாவைக் குறைத்தது உண்மை. ஆனால் மக்கள் காதில் விழுந்த வாக்குறுதி அது இல்லையே! ஆகவே மூன்றாம் ஊசிக்கு வந்தது மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிதான். நான்காவதுக்கு வந்தவர்கள் மிகச் சிலர். நான் 1999இல் ஒரு மனிதரிடம் செய்ததை, இங்கே ஒரு நாட்டிடமே செய்திருக்கிறோம். கோவிட் நம் நாட்டில் 37,000க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோன பிறகும்.

ஆகவே மருத்துவத் துறையில் இருக்கும் இளையோருக்கும், பொது இயக்கங்களுக்கும், ஆசிரியர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் சிலதான்.

ஊசி எதைச் செய்யும் என்று சொல்லும் அதே மூச்சில் எதைச் செய்யாது என்றும் சொல்லுங்கள். "ஒன்றும் வராது" என்ற வார்த்தையை மறந்துவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். மக்கள் அதனால் நம்மை இளக்காரமாக நினைப்பதில்லை. ஊசி போட்டபின் யாருக்காவது ஏதாவது நேர்ந்தால், ஊசியால் வந்ததோ இல்லையோ, மறுநாளே அந்த வீட்டு வாசலில் நில்லுங்கள். விளக்கம் தாமதமானால் வதந்தி அந்த வீட்டில் குடியேறிவிடும். தமிழில் பேசுங்கள். சுவரில் ஒட்டும் காகிதத்தைத் தமிழில் அச்சடித்தால் மட்டும் போதாது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் எதிரில் இருக்க வேண்டும்.

தோட்டங்கள் குறைந்துவிட்டன. பாதி இடங்களில் தாமான்கள் எழும்பிவிட்டன. டிரெசர் இருந்த வீடும் பல இடங்களில் இல்லை. ஆனால் கேள்விகள் நின்றுபோகவில்லை. 2019 டிசம்பரில், 27 ஆண்டுகளுக்குப் பிறகு, சபாவில் ஒரு கைக்குழந்தைக்குப் போலியோ வந்தது. போன நோய் திரும்பி வரும் என்பதற்கு அதுவே சாட்சி. 2010 முதல் பள்ளியில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். சம்மதப் படிவத்தைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்கு? போட்டா பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?" என்று கேட்கும் தாய்க்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அதுதான் என் கவலை.

அந்த அம்மா இப்போதும் அதே லயத்தில்தான் இருக்கிறார். போன தீபாவளிக்குப் பார்க்கப் போனேன். பலகாரம் கொடுத்தார். அந்தப் பேத்தி முதலாம் படிவம் போயிருக்கிறாள். பள்ளியிலிருந்து வந்த படிவத்தை என்னிடம் நீட்டி, "இதப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்கய்யா. தெரியாததையும் சொல்லுங்க" என்றார்.

உட்கார்ந்து இரண்டையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, மருமகளிடம் கையெழுத்துப் போடச் சொன்னார்.